முதுமலை என்று நான் சொன்ன புலி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-300 லென்ஸ் ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறாராம். பொங்கல் விடுமுறையில் வண்டலூர் போய் விலங்குகளைப் படம் எடுக்க ஆசை. கம்பி தெரியாமல் எப்படி எடுப்பது என்பது முதல் கேள்வி. கூட வரவேண்டிய தோழி, "அடைச்சு வெச்ச உயிரைப் படம் எடுத்து லைக் வாங்குறது பாவம்டி, நான் வரலை" என்று சொல்லிவிட்டாராம். தோழி சொல்வது சரியா என்பது இரண்டாவது கேள்வி.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. இருபது வருடமாக அந்த இரண்டு மாதமும் விலங்கு, பறவை என்று அலைகிறேன். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதற்கு நான் பட்ட அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது அப்புறம்.

கம்பி மறைவதில் மந்திரம் எதுவும் இல்லை. லென்ஸ் கம்பிக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ, விலங்கு கம்பியை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அந்த அளவுக்குக் கம்பி கரைந்துபோகும். லென்ஸை 300-க்கு இழுத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, அது கொடுக்கும் மட்டும் திறந்துவிடுங்கள். உங்கள் லென்ஸில் பெரும்பாலும் 5.6தான் வரும், போதும். விலங்கு கம்பியை ஒட்டிப் படுத்திருந்தால் எந்த லென்ஸாலும் முடியாது, காத்திருங்கள். வெயில் பட்ட கம்பியும் மறையாது. படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். நிழல் விழுந்த பக்கமாகப் போய் நில்லுங்கள். ஆட்டோ ஃபோகஸ் பெரும்பாலும் முன்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடிக்கும், அதனால் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி விலங்கின் கண்ணில் வையுங்கள். அப்படியும் பிடிவாதம் செய்தால் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள்.

பெரிய கூண்டுகளுக்கு முன்னால் ஆள் நிற்க ஒரு தடுப்பு இருக்கும். லென்ஸைக் கம்பியில் ஒட்ட வேண்டும் என்று நான் சொன்னதை நம்பி அந்தத் தடுப்பின்மேல் ஏறிவிடாதீர்கள். 2014 செப்டம்பரில் டில்லி மிருகக்காட்சிசாலையில் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்த இளைஞர் உயிரோடு வெளியே வரவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பாம்புகளுக்கு, லென்ஸின் முன்னால் மாட்டும் ஹுட்டைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுங்கள். கறுப்புத் துப்பட்டா இருந்தால் கேமராவைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளுங்கள், உங்கள் பிரதிபலிப்பு விழாது. ஃபிளாஷ் வேண்டாம். கண்ணாடியில் தெறித்துப் படமும் கெடும், உள்ளே இருக்கும் உயிருக்கும் தொந்தரவு. சின்னப் பறவைக் கூண்டுகளில் உங்கள் பெரிய லென்ஸைவிட கைப்பேசிதான் நன்றாக எடுக்கும். அதன் லென்ஸ் வலைக்கண்ணைவிடச் சின்னது, வலைக்கண்ணுக்கு நேரே வைத்தால் வலையே இல்லை. கரடியை எடுத்தால் கேமரா அதைச் சாம்பல் ஆக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு படி குறையுங்கள். வெள்ளைப் புலிக்கு ஒரு படி கூட்டுங்கள்.

வண்டலூரில் புலி, சிங்கம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கம்பியே கிடையாது, அகழிதான். அங்கே உங்கள் எதிரி பின்னணி. விலங்கு ராத்திரி தங்கும் கட்டடத்தின் சுவர் பின்னால் வராமல் பச்சை வரும்படி ஓர் இடம் பார்த்து நில்லுங்கள். உட்கார்ந்து எடுங்கள், நின்று எடுத்த படத்தில் புலி பூனைபோலத் தெரியும்.

இந்த அகழி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பியை முதலில் மறைத்தது படம் எடுப்பவன் இல்லை. ஜெர்மனியில் ஹாம்பர்க் பக்கம் கார்ல் ஹாகன்பெக் என்ற விலங்கு வியாபாரி 1907-இல் ஒரு பூங்கா திறந்தார். கம்பியை எடுத்துவிட்டு, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி அகழி வெட்டினார். சிங்கமும் அதற்குப் பின்னால் மேயும் மான்களும் ஒரே வெளியில் இருப்பதுபோல் தோன்றும். இதே ஆள் அதற்கு முன்னால் தூர தேசத்து மனிதர்களையும் கூட்டிவந்து காட்சிக்கு வைத்தவர் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள். இன்று உலகம் முழுக்கப் பூங்காக்கள் அவர் வழியில்தான் கட்டப்படுகின்றன. விலங்குக்கு இடம் கூடியது உண்மைதான். ஆனால் கம்பி மறைந்தது நம் கண்ணுக்கு மட்டும்தான். அகழி எங்கே இருக்கிறது என்று அந்தச் சிங்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

சரி, அவமானத்துக்கு வருகிறேன்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு புதுச்சேரியில் ஒரு படக் கண்காட்சி. என் படம் ஒன்றும் இருந்தது: முகத்தை நேராகத் திருப்பி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி வரும் புலி. மீசை முடி ஒவ்வொன்றையும் எண்ணலாம். முதல் நாள் ஒருவர், "எங்கே சார் எடுத்தீங்க?" என்றார். என் வாய் தானாக "முதுமலை" என்றது. அவர் கண்ணில் வந்த மரியாதையைப் பார்த்ததும் அன்று ராத்திரியே படத்தின் கீழ் இருந்த அட்டையிலும் 'முதுமலை' என்று எழுதிவைத்தேன். எடுத்தது ஒரு மிருகக்காட்சிசாலையில். எது என்று சொல்லவில்லை.

மறுநாள் மதியம் பேத்தியோடு ஒரு பெரியவர் வந்தார். படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "தம்பி, இது எங்க ராஜா" என்றார். "வலது கண்ணுக்கு மேலே சூலம் மாதிரி கோடு இருக்கு பாருங்க. ஒன்பது வருஷம் நான்தான் கறி போட்டேன்." அந்தப் பூங்காவில் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், முத்தியால்பேட்டையில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார். புலியின் வரி நம் கைரேகைபோல, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது. காட்டில் புலிகளைக் கணக்கெடுப்பதே அந்த வரியை வைத்துத்தான். இது எனக்கும் தெரியும். தெரிந்தேதான் பொய் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க போனப்ப நடந்துகிட்டே இருந்தானா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்துகொண்டேதான் இருந்தது. சுவர் ஓரமாக வரும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு தட்டைக் கல்லில் வலது முன்னங்காலை வைக்கும், தலையைத் திருப்பும், வந்த வழியே திரும்பிப் போகும். முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை, அதே கல், அதே கால். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. கல்லில் ஃபோகஸை வைத்து, கையைத் தயாராக வைத்து, ஒவ்வொரு முறை வரும்போதும் நாலு நாலு படமாக எடுத்தேன். காட்டுப் புலி ஒருநாளும் இப்படி ஒத்துழைக்காது. அந்தப் படம் அவ்வளவு கூர்மையாக வந்ததற்குக் காரணம் என் திறமை இல்லை, அந்தப் புலியின் நோய்.

நோய் என்று சொல்வது என் வார்த்தை. அடைப்பில் இருக்கும் விலங்குகள் ஒரே அசைவைக் காரணமில்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதை விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் பல காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள். புலி, சிறுத்தை என்றால் நடை. கரடி தலையை ஆட்டும். யானை நின்ற இடத்திலேயே அசைந்துகொண்டிருக்கும். யானை பாட்டுக்கு ஆடுகிறது என்று நாம் சந்தோஷப்படும் காட்சிகள் பலவும் இதுதான். ரோஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2003-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஒன்றைக் காட்டினார்கள். காட்டில் எந்த ஊனுண்ணி அதிக தூரம் அலைகிறதோ, அதுதான் அடைப்பில் அதிகமாக இப்படி நடக்கிறது, அதன் குட்டிகளும் அதிகம் சாகின்றன. பூங்காவில் பனிக்கரடிக்குக் கிடைக்கும் இடம், காட்டில் அது சுற்றும் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இப்போது உங்கள் கேமராவைப் பற்றி நினைத்துப் பாருங்கள். ஐந்நூறில் ஒரு பங்கு நொடியை வெட்டி எடுக்கிறது. அந்த நொடியில் நடக்கும் புலி கம்பீரமாகத்தான் இருக்கும். அது நாள் முழுக்க அதே பத்தடியில் நடக்கிறது என்பதை எந்த ஒற்றைப் படமும் சொல்லாது. கம்பியை மறைக்கும் வித்தையைவிட இது பெரிய மறைப்பு, நாம் எதுவும் செய்யாமலே நடந்துவிடுகிறது. அதனால் என் வழக்கம் இது: ஒரு கூண்டுக்கு முன்னால் போனதும் கேமராவைத் தொடுவதில்லை. இருபது நிமிடம் கடிகாரம் பார்த்து நிற்பேன். நடக்கிறதா, எந்த வழியில், எத்தனை முறை, ஆள் சத்தம் வந்தால் என்ன செய்கிறது, ஒளிய இடம் இருக்கிறதா. அதற்குப் பிறகுதான் படம். நடை இருந்தால் அதைக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் வீடியோவாகவும் எடுத்துவிடுவேன்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். மான் அடைப்பில் கிடந்த பழைய வைக்கோலை அள்ளிவந்து ராஜாவின் கூண்டில் போட்டால் முகர்ந்து, புரண்டு, இரண்டு நாள் நடையை மறந்துவிடுமாம். கறியை ஒரே இடத்தில் போடாமல் மரத்தில் கட்டித் தொங்கவிட்டாலும் அப்படித்தான். இந்த மாதிரி வேலைகள் நடக்கும் பூங்காவையும் நடக்காத பூங்காவையும் இருபது நிமிடம் நின்றாலே பிரித்துப் பார்த்துவிடலாம்.

அட்டையை அன்றைக்கே மாற்றினேன். 'புலி, மிருகக்காட்சிசாலையில்' என்று எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு முன்னால் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. அது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்.

நான் தனி ஆள் இல்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல் உண்டு. லண்டனில் நடக்கும் உலகப் புகழ்பெற்ற காட்டுயிர்ப் படப் போட்டியில் 2009-இல் முதல் பரிசு, ராத்திரியில் ஒரு வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படத்துக்குக் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். மாட்ரிட் பக்கத்துப் பூங்கா ஒன்றில் இருக்கும் பழக்கப்பட்ட ஓநாய்தான் அது என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள், எடுத்தவர் மறுத்தார். பூங்கா ஓநாயை எடுத்தது குற்றம் இல்லை. காட்டு ஓநாய் என்று நம்பவைத்ததுதான் சிக்கல்.

ஆகவே படம் எடுப்பது பாவம் என்று உங்கள் தோழி சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடைத்து வைப்பது பாவமா என்று கேட்டால், எந்த விலங்கை, எதற்காக என்று திருப்பிக் கேட்பேன்.

நம் ஊர்ப் பக்கமே பாருங்கள். ஈ.சி.ஆரில் சென்னை போகும் வழியில், வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கியது. நாட்டில் முதலைகள் அற்றுப்போகும் நிலையில் இருந்த காலம் அது. முந்தைய வருடம்தான் அரசும் முதலைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, வளர்த்து, ஆறுகளில் விட்டார்கள். சம்பல் ஆற்றில் இன்று கரியால் என்ற நீள்மூக்கு முதலை இருப்பதில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. அசாமில் குள்ளப் பன்றி என்று முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு ஜீவன். 1996-இல் ஆறு பன்றிகளைப் பிடித்து இனப்பெருக்கம் தொடங்கி, 2008 முதல் காட்டில் விட்டுவருகிறார்கள். இவற்றில் அடைப்பு என்பது ஒரு காத்திருப்பு அறை மாதிரி. வெளியே போக ஒரு கதவு இருக்கிறது. முதலையிலும் அந்தக் கதவு அடைபடலாம். சேற்று முதலைகள் பண்ணையில் மளமளவென்று பெருகி, ஆயிரம் முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு மாற்றும் ஏற்பாடு 2022-இல் உயர்நீதிமன்றம்வரை போனது.

வெள்ளைப் புலிக்கு அந்தக் கதவே கிடையாது. 1951-இல் ரீவா மகாராஜா மார்த்தாண்ட் சிங் பிடித்த மோகன் என்ற ஒரு குட்டியை வளர்த்து, பிறகு அதன் மகளோடே இணைசேர்த்துப் பெருக்கிய வம்சம் அது. நிறத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்தார்கள். அந்த வெள்ளை நிறத்தைத் தரும் மரபணுவோடு சேர்ந்தே வருவது மாறுகண். கிட்டத்தில் எடுத்தீர்களானால் சிலவற்றின் கண் மூக்கை நோக்கித் திரும்பியிருப்பது படத்தில் தெரியும். காட்டில் விடுவதற்கு யாரும் அதை வளர்க்கவில்லை. கூட்டம் வரும் என்பதற்காக வளர்க்கிறார்கள். பூங்காவில் கூட்டம் அங்கேதான் நிற்கும் என்பதும் உண்மை.

சிங்கங்களில் சில சர்க்கஸிலிருந்து வந்தவை. 1998 அக்டோபரில் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றைக் காட்சிக்குப் பயிற்றக்கூடாது என்று மத்திய அரசு அறிவித்து, 2001-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்த பிறகு, அந்த விலங்குகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. நகம் இழந்த, வேட்டை தெரியாத சிங்கத்தைக் காட்டில் விடுவது கொலை. வண்டலூரில் அதற்கென்றே ஒரு மீட்பு மையம் வந்தது. அப்படிப்பட்ட இடத்துக்கு எதிராக நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் வண்டலூரிலேயே 2021 ஜூன் மாதம் கொரோனா தொற்றி நீலா என்ற பெண் சிங்கம் செத்துப்போனது. கூண்டுக்குள் இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். காட்டில் இருந்திருந்தால் நம் மூச்சு அதன் பக்கத்தில் போயிருக்காது.

யானைதான் எனக்குக் கடினமான விஷயம். ஐரோப்பியப் பூங்காக்கள், ஆப்பிரிக்கக் காடு, மியான்மர் மரக்கூப்பு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் யானைகளின் பதிவுகளை வைத்து 2008-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பூங்காவில் பிறந்த ஆசியப் பெண் யானையின் நடு ஆயுள், அதாவது பாதி யானைகள் இறந்துவிடும் வயது, 19 வருடம்கூட இல்லை. மியான்மர் மரக்கூப்பில் வேலை செய்யும் யானைக்கோ 41 வருடத்துக்கு மேல். மரம் இழுத்த யானையே இரண்டு மடங்கு வாழ்ந்திருக்கிறது! அடுத்த வருடமே இந்தியாவின் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் பூங்காக்களில் யானை வேண்டாம், முகாம்களுக்கு அனுப்புங்கள் என்று உத்தரவிட்டது.

புதுச்சேரியில் பிறந்த உங்களுக்குக் கோயில் யானை லட்சுமியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மணக்குள விநாயகர் கோயில் வாசலில் லட்சுமியோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் இந்த ஊரில் குறைவு. நானே எத்தனை மணமக்களை அந்தத் தும்பிக்கைக்குக் கீழே நிறுத்தி எடுத்திருக்கிறேன். 2022 நவம்பர் 30 காலையில் நடைப்பயிற்சிக்குப் போன வழியில் விழுந்து இறந்தது. வயது 32 என்றார்கள். ஊரே அழுதது, நானும் அழுதேன். அன்று ராத்திரி என் பழைய ஹார்டு டிஸ்க்கில் லட்சுமி இருக்கும் படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மாப்பிள்ளை, பெண் முகத்தில் ஃபோகஸ். யானையின் கண் ஒன்றில்கூடக் கூர்மையாக இல்லை.

இதையெல்லாம் பெரிய பூங்காவோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. கடலூரில் 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் சொன்னவரை வனத்துறை பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? பச்சைக்கிளியை வீட்டில் கூண்டில் வைப்பதே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆள் மாட்டியது, கிளி சீட்டு எடுக்கும் வீடியோ ஊரெல்லாம் பரவியதால்தான். எங்கள் தெருவில் அந்தச் செய்தியைப் பேசிச் சிரித்த இரண்டு வீட்டுத் திண்ணையில் கிளிக்கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அப்புறம், காட்டில் எடுத்தால் கை சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். தை, மாசியில் கடலூர், புதுச்சேரிக் கரைகளில் பங்குனி ஆமை முட்டையிட வரும். யாராவது ஃபிளாஷ் அடித்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஊசுட்டேரியில் கூடு கட்டும் பறவையை எழுப்பிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அதைவிட, பூங்காவில் தடுப்புக்கு இந்தப் பக்கம் அமைதியாக நிற்பவர் எவ்வளவோ மேல்.

தோழியை விடாதீர்கள், கூட்டிக்கொண்டு போங்கள். படம் எடுக்க வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். நீங்கள் லென்ஸோடு மல்லுக்கட்டும்போது விலங்கு எத்தனை முறை நடக்கிறது என்று அவர் எண்ணி எழுதட்டும். திரும்பி வந்து படம் போடும்போது அவர் எண்ணியதையும் கீழே போடுங்கள்: 'புலி, வண்டலூர் பூங்கா, காலை 9.40, இருபது நிமிடத்தில் இத்தனை நடை.' பூஜ்யமாக இருந்தால் பூஜ்யம் என்றே போடுங்கள், அது அந்தப் பூங்காவுக்கு நற்சான்று. யாராவது கல் எறிந்தாலோ, விசில் அடித்தாலோ, சிப்ஸ் போட்டாலோ கீப்பரிடம் சொல்லுங்கள். சீண்டுவதும் தீனி போடுவதும் சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவில் தடை செய்யப்பட்டவை. 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு' என்று நீங்கள் நாக்கைச் சொடுக்குவதும் அதில் சேர்த்திதான்.

இப்போது திண்டிவனம் வழியாக வரும் புதுச்சேரி பஸ்கள் கிளாம்பாக்கம் போவதால் வசதி, அங்கிருந்து பூங்கா பக்கம்தான். விடியற்காலை பஸ் பிடித்தால் கதவு திறக்கும்போதே உள்ளே இருக்கலாம், அந்த முதல் ஒரு மணி நேரம்தான் விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும். மதியம் எல்லாம் தூங்கும், நீங்களும் மரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காணும் பொங்கலன்று மட்டும் போய்விடாதீர்கள். அன்று புலியைவிட மனிதத் தலைகள்தான் படத்தில் விழும்.